உஷார்! 300 இலக்கம் இருந்தால் மட்டும் போதாது

ஒரு வருஷத்துக்கும் மேலாக, உலகம் முழுக்கக் கணினி நிர்வாகிகள் பயன்படுத்திய ஒரு மென்பொருளுக்குள் 300-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று உட்கார்ந்திருந்தது. பகா எண் என்று நம்பித்தான் அதை வைத்திருந்தார்கள். தொடர்பின் ரகசியம் அந்த நம்பிக்கையின் மேல் நின்றது. அது பகா எண்ணே இல்லை. 271-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிற எண்!

மென்பொருளின் பெயர் சோகேட். லினக்ஸ் உலகத்தில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தரவை அனுப்ப உதவும் சின்னக் கருவி. 2015 ஜனவரியில், அதிலிருந்த 512 பிட் எண் ரொம்பச் சின்னது என்று எடுத்துவிட்டு 1024 பிட் எண்ணை வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான். பயனர் ஒருவர் அனுப்பிய திருத்தத்தோடு வந்த எண் அது. பெரிதாக இருந்தது, பார்க்க மிரட்டலாக இருந்தது, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 2016 பிப்ரவரி 1-ஆம் தேதி சோகேட் தரப்பே எச்சரிக்கை வெளியிட்டது. எண் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்குத் தடயமே இல்லாததால், யாரோ வேண்டுமென்றே வைத்த கள்ளக் கதவாகவும் இருக்கலாம், அதை மறுக்க முடியாது என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

271 என்பது வரிசையில் 58-ஆவது பகா எண். 2, 3, 5, 7 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போயிருந்தால் 58-ஆவது வகுத்தலில் குட்டு உடைந்திருக்கும். ஒரு நோட்டும் பேனாவும் பொறுமையும் உள்ள ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலை. கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அதைத்தான் ஒரு வருஷம் யாரும் செய்யவில்லை.

இதில் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வங்கி இணையதளத்தில் பூட்டுப் படம் தெரிகிறதே, அலுவலகத்துக்கு வி.பி.என். வழியாக உள்ளே போகிறோமே, வாட்ஸ்அப்பில் பேசுகிறோமே, எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு பெரிய பகா எண் வேலை செய்கிறது. ‘பெரிய பகா எண், ஆகவே உடைக்க முடியாது’ என்று விளம்பரத்திலும் வகுப்பறையிலும் சொல்கிறார்கள். அந்த ‘ஆகவே’தான் ஆபத்து. பெரிதாக இருப்பது ஒரு குணம். உண்மையிலேயே பகா எண்ணாக இருப்பது இன்னொன்று. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன கிடைக்கிறது, யார் அதைப் பொறுக்கினார்கள், அதே எண்ணை வேறு யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்பவை வேறு வேறு குணங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் இலக்கத்தின் நீளம் காப்பாற்றாது.

ஒன்றைக் கழிப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இதுதான் பலருக்குத் தெரியாத பொறி.

அதற்கு முன், சோகேட் போன்றவற்றில் பகா எண் எப்படிப் பயன்படுகிறது என்று பார்த்துவிடுவோம். 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட முறை இது. இரண்டு பேர் ஊரறிய ஒரு பகா எண்ணையும் ஓர் அடிமான எண்ணையும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் மனதுக்குள் ஓர் அடுக்கை ரகசியமாக வைத்துக்கொண்டு, அடிமானத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தி, பகா எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் மற்றவருக்கு அனுப்புகிறார்கள். வந்த மீதியைத் தன் ரகசிய அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் மறுபடி வகுத்தால் இருவருக்கும் ஒரே மீதி கிடைக்கும். நடுவில் ஒட்டுக் கேட்பவருக்கு மீதிகள் மட்டும்தான் தெரியும். மீதியை வைத்து அடுக்கைக் கண்டுபிடிப்பது மகா கடினம். பூட்டு என்பது இந்தக் கடினம்தான்.

ஆனால் எல்லாப் பகா எண்ணுக்கும் அது கடினம் இல்லை. 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கழித்தால் 30. அது 2, 3, 5 ஆகியவற்றின் பெருக்கல். ரகசிய அடுக்கு என்னவென்று 30 வாய்ப்புகளையும் துழாவ வேண்டியதில்லை. அடுக்கை 2-ஆல் வகுத்தால் வரும் மீதி எது, 3-ஆல் வகுத்தால் எது, 5-ஆல் வகுத்தால் எது என்று தனித்தனியாகப் பிடித்துவிடலாம். ஆகமொத்தம் 10 வாய்ப்புகள். மூன்று மீதிகளையும் சீன மீதித் தேற்றம் ஒன்று சேர்த்து முழு அடுக்கையும் கையில் கொடுத்துவிடும். 30-க்கும் 10-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். 1024 பிட் எண்ணில் இதே விளையாட்டை ஆடிப் பாருங்கள். ஒன்றைக் கழித்த பிறகு கிடைக்கும் எண்ணின் பகாக் காரணிகள் எல்லாமே 10 லட்சத்துக்குக் கீழே இருந்துவிட்டால், பிரபஞ்சத்தின் ஆயுளுக்கும் முடியாது என்று சொல்லப்பட்ட கணக்கு ஒரு சாதாரண லேப்டாப்பில் முடிந்துவிடும். போலிக், ஹெல்மன் இருவரும் இதை 1978-லேயே எழுதிவிட்டார்கள். எண் பெரிது, எண் பகா எண், எந்தச் சோதனை வைத்தாலும் தேறும். ஆனாலும் பூட்டு திறந்தே கிடக்கிறது.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ‘பத்திரமான பகா எண்’ என்று ஒரு வகையைத் தேடுகிறார்கள். ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினாலும் பகா எண்ணே கிடைக்க வேண்டும். 23 அப்படிப்பட்டது. ஒன்றைக் கழித்தால் 22, பாதி 11. அந்த 11 போன்ற எண்களுக்குப் பிரெஞ்சுக் கணித மேதை சோஃபி ஜெர்மெயின் பெயர் இருக்கிறது. டெலிகிராம் தன் செயலியை எழுதுகிறவர்களுக்குத் தரும் விதிமுறையில்கூட, சர்வர் அனுப்பும் எண் 2048 பிட் கொண்டதா, பத்திரமான பகா எண்தானா என்று செயலியே சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சர்வர் சொன்னால் நம்பிவிடாதே என்பதுதான் அதன் பொருள். சரியான புத்தி.

சோதிப்பது என்று சொன்னோம். சோதனையே ஏமாறும், உஷார்!

300 இலக்க எண்ணுக்குக் காரணிகளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஃபெர்மா சொன்ன ஒரு குணத்தை வைத்துப் பார்ப்பார்கள். பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, அந்த அடுக்குக்கு 2-ஐயோ 3-ஐயோ உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் எண் பகா எண் இல்லை. வந்துவிட்டால்? அங்கேதான் வில்லங்கம். ராமானுஜனையும் ஹார்டியையும் சொல்லும்போதெல்லாம் நாம் பெருமையாக நினைக்கும் 1729 இருக்கிறதே, அது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கல், சுத்தமான பகு எண். ஆனால் இந்த மூன்றாலும் வகுபடாத எந்த அடிமானத்தை வைத்து ஃபெர்மா சோதனை நடத்தினாலும் 1729 தேறிவிடும்! இப்படிப்பட்டவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561-இல் ஆரம்பிக்கிற வரிசை அது. அவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994-இல் நிரூபித்துவிட்டார்கள்.

இன்று நடைமுறையில் இருக்கும் மில்லர்–ராபின் சோதனை இதைவிடக் கறாரானது. 1729-ஐ அது அடிமானம் 2-லேயே பிடித்துவிடும். சோதனையின் நடுவில் வரும் 1065-ஐ வர்க்கப்படுத்தினால் 1134225, அதை 1729-ஆல் வகுத்தால் மீதி 1. பகா எண்ணாக இருந்திருந்தால் 1-ம் 1728-ம் தவிர வேறெதுவும் இப்படி 1-ஐத் தர முடியாது. ஆள் மாட்டினார். ஆனால் மில்லர்–ராபினிலும் அடிமானங்களை ஒவ்வொரு முறையும் எதேச்சையாகப் பொறுக்க வேண்டும். இன்னின்ன அடிமானங்களைத்தான் போடுவார்கள் என்று எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அவற்றுக்கு மட்டும் தேறுகிற பகு எண்ணைச் செய்துவிடலாம். 1995-இல் ஃபிரான்சுவா அர்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 397 இலக்கப் பகு எண் ஒன்றைக் கட்டிக் காட்டினார். 307-க்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணை அடிமானமாக வைத்தாலும் அது பகா எண் போலவே நடிக்கும். சரி, அது பழைய கதை என்பீர்கள். 2018-இல் லண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்களும் ஜெர்மனியின் போகும் நகரத்து ஆய்வாளர்களும் சேர்ந்து புழக்கத்தில் இருந்த மென்பொருள் நிரலகங்களைச் சோதித்தபோது, சிலவற்றில் அடிமானங்கள் இன்னமும் மாறாத பட்டியலாகவே இருந்தன. இத்தனைக்கும் 2002-லேயே கான்பூர் ஐ.ஐ.டி.யில் அகர்வால், கயல், சக்சேனா மூவரும் சந்தேகத்துக்கே இடமில்லாமல் பகா எண்ணை உறுதிசெய்யும் விரைவான வழி உண்டு என்று நிரூபித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார்கள். நடைமுறையில் அது மெதுவானது என்பதால் யாரும் எடுப்பதில்லை. அது இருக்கட்டும். மில்லர்–ராபினையாவது ஒழுங்காகப் போடலாமே!

இப்போது வேறு பக்கம் வருவோம். எண் சுத்தமான பகா எண், ஒன்றைக் கழித்தாலும் பிரச்சினை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அந்த ஒரே எண்ணையே பயன்படுத்தினால்?

2015 மே மாதம் லாக்ஜாம் என்ற பெயரில் வந்த ஆய்வு இதைத்தான் கேட்டது. அமெரிக்கா 1990-களில் ஏற்றுமதிக்கென்று வேண்டுமென்றே பலவீனப்படுத்திய 512 பிட் முறையை, அந்தச் சட்டம் தளர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகும் பல சர்வர்கள் கைவிடாமல் வைத்திருந்தன. உலகின் முதல் 10 லட்சம் இணையதளங்களில் 8.4 சதவீதம் இதில் சிக்கின. அவற்றில் 82 சதவீதத்தில் இருந்தது ஒரே பகா எண். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உடைக்கும் வேலையில் பெரும்பகுதி அந்தப் பகா எண்ணை மட்டுமே சார்ந்தது, பேசுகிற ஆளைச் சார்ந்தது இல்லை. ஆய்வாளர்கள் ஒரு வாரம் கணினிகளை ஓட்டி அந்த எண்ணுக்கான முன்கணக்கை முடித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தொடர்பையும் உடைக்கச் சுமார் ஒரு நிமிடம்தான்.

512 பிட் போகட்டும், 1024? அரசாங்கம் அளவுக்குக் காசு உள்ள ஒருவர் மிகப் பரவலான ஒரு 1024 பிட் பகா எண்ணுக்கு மட்டும் முன்கணக்கை முடித்துவிட்டால், அந்தப் 10 லட்சம் தளங்களில் 18 சதவீதத்தின் தொடர்புகளை ஓசையில்லாமல் படிக்கலாம் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. இன்னொரு எண்ணையும் முடித்தால் அவர்கள் பார்த்த வி.பி.என். சர்வர்களில் 66 சதவீதம், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சர்வர்களில் 26 சதவீதம். ஊர் முழுக்க ஒரே மாதிரிப் பூட்டை மாட்டினால் திருடனுக்கு ஒரு சாவி செய்யும் செலவுதானே?

பகா எண்ணுக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. 1024 பிட் அளவில் சராசரியாக 710 எண்களுக்கு ஒன்று பகா எண். மொத்தம் எத்தனை என்று எழுதினால் அந்த எண்ணிக்கையே 306 இலக்கம் வரும். பஞ்சமெல்லாம் தேடிப் பார்க்கிற மனசுக்குத்தான்.

யார் பொறுக்கிய எண் என்ற கேள்வி இதைவிடக் கலவரமானது. ஒரு பகா எண்ணைச் செய்யும்போதே, செய்தவருக்கு மட்டும் எளிதாக உடைகிற மாதிரி உள்ளே ஒரு ரகசிய அமைப்பை ஒளித்து வைக்க முடியும் என்று 1992-லேயே டேனியல் கார்டன் விளக்கினார். இவ்வளவு தூரம் யார் போவார்கள் என்று அப்போது பலர் அசட்டையாக இருந்தார்கள். 2016-இல் பிரான்ஸ், அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு பேர் அப்படி ஒரு 1024 பிட் பகா எண்ணைத் தாங்களே செய்து, பல்கலைக்கழகக் கணினிகளை வைத்து இரண்டு மாதங்களுக்குச் சற்று அதிகமான காலத்தில் உடைத்தும் காட்டினார்கள். பயமுறுத்துவது எது தெரியுமா? வெளியிலிருந்து பார்த்தால் அந்த எண்ணுக்கும் மற்ற பகா எண்களுக்கும் வித்தியாசம் தெரியாது. எந்தச் சோதனையிலும் பிடிபடாது. எண் எப்படிப் பிறந்தது என்ற கதையை மட்டும்தான் கேட்க முடியும்.

நல்ல தரநிலைகளில் அந்தக் கதை இருக்கிறது. இணையத் தர ஆவணங்களில் உள்ள பழைய பகா எண்கள் பை என்ற மாறிலியின் இலக்கங்களிலிருந்து செய்யப்பட்டவை. 2016-இல் வந்த புதிய தொகுப்பு ஈ என்ற மாறிலியிலிருந்து செய்யப்பட்டது. யாரும் தன் இஷ்டத்துக்கு வளைக்க முடியாத இலக்கங்கள் என்பதால் தில்லுமுல்லுக்கு இடமில்லை. வாட்ஸ்அப் பயன்படுத்தும் எலிப்டிக் கர்வ் என்ற வளைகோட்டு முறையில் உள்ள பகா எண்ணைப் பாருங்கள். 2-ஐ 255-ஆவது அடுக்குக்கு உயர்த்தி 19-ஐக் கழித்தால் அது வரும். வெறும் 77 இலக்கம்தான். அந்த முறையில் அடுக்கைத் தேடும் கணக்கே வேறு என்பதால் 77 இலக்கம் போதும். ஏன் 19 என்ற கேள்விக்கும் ஊரறிய பதில் இருக்கிறது. எண் எங்கிருந்து வந்தது என்று சொல்ல மறுக்கிற நிறுவனத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆர்.எஸ்.ஏ. முறையில் நிலைமை வேறு. அங்கே இரண்டு பகா எண்களைப் பெருக்கி, பெருக்கலை மட்டும் வெளியே காட்டுவார்கள். ஆகவே எண்கள் இரண்டும் ரகசியமாக, யாரும் ஊகிக்க முடியாதவையாக இருக்க வேண்டும். 2012-இல் ஆய்வாளர்கள் இணையத்தில் வெளிப்படையாகக் கிடக்கும் லட்சக்கணக்கான பொதுச் சாவிகளைத் திரட்டி, பள்ளியில் படித்த மீ.பெ.கா. கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள்! 10403, 10807 என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். காரணி தெரியாது. ஆனால் மீ.பெ.கா. எடுத்தால் மூன்றே வகுத்தலில் 101 வந்து விழும். இரண்டும் உடைந்தன. 600 இலக்க எண்களிலும் யூக்ளிடின் வழி இதே வேகத்தில் வேலை செய்யும். அந்த ஆய்வாளர்களில் ஹெனிங்கர் என்பவரும் கூட்டாளிகளும் பார்த்த டி.எல்.எஸ். (இணையதளப் பூட்டுப் படத்துக்குப் பின்னால் இருக்கும் முறை) சர்வர்களில் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவி இப்படியே கையில் வந்துவிட்டது. காரணம், ரவுட்டர் போன்ற மலிவுச் சாதனங்கள் முதல்முறை மின்சாரம் வந்தவுடனே சாவி தயாரிக்கின்றன. அந்த நிமிடத்தில் அவற்றிடம் எதேச்சையான எண்ணை உருவாக்க மூலப்பொருளே கிடையாது. எனவே வெவ்வேறு வீடுகளில் இருக்கும் இரண்டு பெட்டிகள் ஒரே பகா எண்ணைப் பெற்றெடுக்கின்றன. அந்த 306 இலக்கத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

டெபியன் லினக்ஸ் கதை தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. 2006-இல் ஒரு திருத்தத்தில் எதேச்சை எண் உருவாக்கும் நிரலின் இரண்டு வரிகளை முடக்கியதால், 2008 மே வரை ஒவ்வொரு வகைச் சாவிக்கும் 32,768 சாத்தியங்கள்தான் இருந்தன.

ஆர்.எஸ்.ஏ. முறையின் இரண்டு பகா எண்களும் அருகருகே இருந்தாலும் ஆபத்து. ஃபெர்மா 17-ஆம் நூற்றாண்டிலேயே 2027651281 என்ற எண்ணை எடுத்து, அதன் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணான 45030-இலிருந்து ஒவ்வொன்றாக ஏறி, 12-ஆவது படியில் 44021 பெருக்கல் 46061 என்று உடைத்துவிட்டார். கையால்! 2022-இல் ஹானோ பொக் என்ற ஜெர்மானியர் இதே பழைய வழியைப் போட்டு, கேனான், ஃபியூஜிஃபில்ம் பிரிண்டர்கள் சிலவற்றின் சாவிகளை உடைத்தார். உள்ளே இருந்த நிரலகம் முதல் பகா எண்ணைக் கண்டுபிடித்தபின் அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவதையும் எடுத்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே எஸ்டோனியா. இன்ஃபினியன் நிறுவனத்தின் சில்லு, பகா எண்ணைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி வைத்திருந்தது. 2048 பிட் சாவிக்கு, முதல் 126 பகா எண்களின் பெருக்கலை அச்சாக வைத்து, அந்த அச்சில் வார்க்கப்பட்ட எண்களை மட்டுமே தேடியது. பார்க்க 1024 பிட் பகா எண். உள்ளே இருந்த உண்மையான எதேச்சைத்தன்மை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2017 அக்டோபரில் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். பொதுச் சாவியைப் பார்த்தாலே இது அந்தச் சில்லில் பிறந்ததா என்று நொடியில் சொல்லிவிடலாம் என்பது கூடுதல் கொடுமை. தேசிய அடையாள அட்டையில் அதே சில்லை வைத்திருந்த எஸ்டோனியா, சுமார் 7,50,000 அட்டைகளின் சான்றிதழ்களை நவம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவில் முடக்கியது. அதே சில்லு உலகெங்கும் லேப்டாப்களில் சாவிகளைப் பாதுகாக்கும் டி.பி.எம். பாகத்திலும் இருந்தது. 2017-க்கு முந்தைய லேப்டாப் உங்களிடம் இருந்தால் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

குவாண்டம் கணினி வந்தால் எல்லாம் போச்சு என்று அலறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும். மேலே சொன்ன எதற்கும் குவாண்டம் கணினி தேவைப்படவில்லை.

இன்னொரு வதந்தியையும் இங்கேயே முடித்துவிடலாம். 2024 அக்டோபரில் லூக் டூரண்ட் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைக் கண்டுபிடித்தபோது, இனி வங்கிகளை யாரும் உடைக்க முடியாது என்று ஃபார்வர்டு செய்திகள் சுற்றின. 2-ஐ 136279841-ஆவது அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் வரும் அந்த எண் (மெர்சென் வகைப் பகா எண்) உலகத்துக்கே தெரியும். உலகத்துக்குத் தெரிந்த எண்ணை ரகசியக் காரணியாக வைப்பவர் யார்? அது அழகான கணிதச் சாதனை, அவ்வளவுதான். ‘மெர்சென் பகா எண் தொழில்நுட்பம்’ என்று யாராவது ஆப் விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

சர்வர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது: இணையத்தில் எங்கோ கிடைத்த பகா எண்ணை நகலெடுத்து ஒட்டியிருந்தால் தூக்கி எறியுங்கள். 2016 தரநிலைத் தொகுப்பில் உள்ள 2048 பிட் அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணுக்கு மாறுங்கள், அல்லது வளைகோட்டு முறைக்கே போய்விடுங்கள். சொந்தமாகத் தயாரித்த எண் என்றால் ஓபன்எஸ்எஸ்எல்லில் அதைச் சோதிக்கக் கட்டளை இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள். வீட்டில் ரவுட்டர், ஆபீசில் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். டெபியன் விஷயத்தில் மென்பொருளைத் திருத்திய பிறகும், முன்பே பிறந்த பலவீனச் சாவிகள் பல இடங்களில் அப்படியே கிடந்தன. புதுப்பித்தல் பழைய சாவியை மாற்றாது. அதை அழித்துவிட்டுப் புதிய சாவியை நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.